மூன்று அணுக்களை நம்புவது எப்படி? மீகன அணுக்கருக்களின் சிதைவை ஆராயும் முறைகள்

(மயிலாடும்பாறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

வேதியியல் பாடப்புத்தகத்தின் தனிம வரிசை அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஏழாவது வரிசையின் கடைசிக் கட்டத்தில் 118 என்ற எண்ணும் ஓகனேசன் என்ற பெயரும் இருக்கும். அந்தத் தனிமத்தில் இதுவரை உலகத்தில் உண்டாக்கப்பட்ட அணுக்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். உண்டானவற்றில் பாதி, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு முடிவதற்குள் இல்லாமல் போய்விடும். அதை யாரும் எடை போட்டதில்லை, நிறம் பார்த்ததில்லை, குப்பியில் அடைத்ததில்லை. அப்படியிருந்தும் 2016 நவம்பரில் அதன் பெயரை உறுதிசெய்து அட்டவணையில் நிரந்தர இடம் கொடுத்தார்கள். எந்தச் சான்றை நம்பிக் கொடுத்தார்கள் என்பதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி மிக மிகக் கனமான அணுக்கருவை மீகன அணுக்கரு என்கிறோம்; அதற்கு அதன் சிதைவைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்தச் சிதைவும் தனியாக நின்றால் எடுபடாது. தாய் சிதைந்து சேய், சேய் சிதைந்து பேர்த்தி என்று இறங்கிக்கொண்டே வரும் சங்கிலி, ஏற்கெனவே வேறொருவர் பொறுமையாக ஆராய்ந்து பதிந்துவைத்த ஓர் அணுக்கருவில் போய் முட்ட வேண்டும். அப்போதுதான் மேலே இருந்த புதியது யார் என்று துணிந்து சொல்ல முடியும். இந்தத் துறையின் கருவிகள் எல்லாம் அந்த ஒரு முடிச்சைப் போடுவதற்காக வளர்ந்தவை என்பது என் எண்ணம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நம் ஊர்ப் பெயரையே கொண்ட இன்னொரு மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கே அகழ்ந்தெடுத்த மாதிரிகளை வைத்து, தமிழகத்தில் இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 வரை பின்னே போகிறது என்று 2022-இல் அரசு அறிவித்தது. அந்த ஆண்டுக் கணக்கும் அணுக்கருச் சிதைவிலிருந்து கிடைத்ததுதான். கார்பன்-14-இன் அரை ஆயுள் 5730 ஆண்டு. பழைய முறையில், மாதிரியின் பக்கத்தில் கருவியை வைத்து, ஒவ்வொரு அணுவாகச் சிதைவதை எண்ணுவார்கள். இப்போதைய முடுக்கி நிறைமாலை முறையில் சிதைவுக்காகக் காத்திருப்பதில்லை. இன்னும் சிதையாமல் மீந்திருக்கும் கார்பன்-14 அணுக்களையே நேராக எண்ணிவிடுகிறார்கள். மீகன அணுக்கருவுக்கு இந்த வசதி இல்லை. எண்ணுவதற்கு மீதம் என்று எதுவும் அங்கே இருப்பதில்லை.

முதலில் ஆல்பாச் சிதைவைச் சற்றுப் பார்த்துவிடுவோம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் தோரியம் இருக்கிறது. தோரியம்-232 வெளியேற்றும் ஆல்பாத் துகளின் ஆற்றல் சுமார் 4 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதன் அரை ஆயுள் 1400 கோடி ஆண்டு. அதே தோரியத்தின் வழித்தோன்றல்களில் கடைசிக்கு முன்னால் வருவது பொலோனியம்-212. அதன் ஆல்பா ஆற்றல் 8.8. அரை ஆயுளோ ஒரு நொடியைக் கோடிக் கூறாக்கினால் அதில் மூன்று கூறு! ஆற்றல் இரண்டு மடங்கு கூடியதற்கு ஆயுள் எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள். 1911-இல் கைகரும் நட்டாலும் இந்த உறவைக் கண்டார்கள். 1928-இல் காமோவ் ஒரு பக்கமும், கர்னியும் காண்டனும் இன்னொரு பக்கமும், ஆல்பாத் துகள் தன் ஆற்றலுக்கு மீறிய தடையை ஊடுருவி வெளியேறுவதாகக் குவாண்டம் விதிகளைக் கொண்டு விளக்கினார்கள். ஆராய்ச்சியாளருக்கு இதன் பயன் பெரிது. ஒரு சிதைவில் ஆற்றலும் தெரிந்து, காத்திருந்த நேரமும் தெரிந்தால், அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதித்துவிடலாம். ஒத்துப்போகாத ஜோடியைக் கண்டால் அங்கேயே சந்தேகம் தொடங்க வேண்டும்.

ஓர் அணுவை ஒரு தடவையில் அடையாளம் காணும் பழக்கம் 1955-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் வந்தது. ஆல்பர்ட் கியோர்சோவும் அவருடன் இருந்தவர்களும் சுமார் நூறு கோடி ஐன்ஸ்டீனியம் அணுக்களைக் கொண்ட கண்ணுக்குத் தெரியாத இலக்கின் மேல் ஹீலியம் கற்றையைப் பாய்ச்சி, 101-ஆம் தனிமமான மெண்டலீவியத்தில் மொத்தம் 17 அணுக்களைப் பெற்றார்கள். மோதலின் உந்தத்தில் புதிய அணு இலக்கை விட்டுத் தெறித்து வெளியே வரும். அதைப் பக்கத்தில் வைத்த மெல்லிய தங்கத் தகட்டில் பிடித்துக்கொண்டால் விலைமதிப்பற்ற இலக்கைக் கரைக்க வேண்டியதில்லை. இந்த எண்ணம் கியோர்சோவுடையது. அணுக்கரு தானாகவே இரண்டாக உடையும் பிளவு ஒன்று நிகழ்ந்ததும் கட்டடத்தின் தீயணைப்பு மணி அடிக்கும்படி இணைப்புக் கொடுத்திருந்தார்கள். தனி ஓர் அணுவின் முடிவு ஒரு கட்டடம் முழுக்கக் கேட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. தீயணைப்புத் துறையினர் வந்து அந்த இணைப்பை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். தகட்டைக் கையால் எடுத்து ஓடிப்போய் வேதிமுறையில் பிரிப்பது அரை ஆயுள் மணிக்கணக்கில் இருக்கும்வரை சரிவரும். நொடிகளாக, மில்லிநொடிகளாகச் சுருங்கிய பிறகு சரிவராது.

இன்று நடப்பதைச் சொல்கிறேன். கால்சியம்-48 போன்ற ஓர் ஐசோடோப்பை அயனியாக்கி, ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு முடுக்குகிறார்கள். இயற்கைக் கால்சியத்தில் இந்த ஐசோடோப்பு 0.2 சதவீதம்கூட இல்லை, பிரித்தெடுப்பதற்கே பெருஞ்செலவு. நொடிக்கு லட்சம் கோடிக் கணக்கில் அயனிகள் இலக்கைத் தாக்குகின்றன. ஒரே இடத்தில் தாக்கினால் இலக்கு உருகிவிடும் என்பதால் அதை ஒரு சக்கரத்தில் பொருத்திச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலான அயனிகள் எதையும் தொடாமல் தாண்டிப் போகும். தொட்டவற்றிலும் பெரும்பகுதி ஒட்டாமல் உடையும். வாரத்துக்கு ஒன்று, சில தனிமங்களில் ஆண்டுக்கு ஒன்று, முழுதாக ஒட்டி நிற்கும்.

அந்த ஒன்றை மற்றக் கூட்டத்திலிருந்து பிரிப்பது முதல் வேலை. களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே காற்றில் விழுந்தாலும் மணி ஒரு பக்கமும் பதர் ஒரு பக்கமும் போகும். இங்கே காற்றின் வேலையை மின்புலமும் காந்தப்புலமும் செய்கின்றன. ஒட்டி உருவான அணுக்கரு கனமானது, மெதுவாக நகர்வது. கற்றை அயனி இலகுவானது, வேகமானது. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டின் ஜி.எஸ்.ஐ. ஆய்வகத்தில் 1976 முதல் இயங்கிய 'ஷிப்' என்ற பிரிப்பான் இந்த வேக வேறுபாட்டைப் பயன்படுத்தியது. ரஷ்யாவின் துப்னாவிலும் ஜப்பானின் ரிக்கனிலும் இன்னொரு வழி: காந்தங்களுக்கு இடையே மிகக் குறைந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனையோ ஹீலியத்தையோ நிரப்பிவிடுவார்கள். இலக்கை விட்டு வெளியே வரும் அணுக்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு எண்ணிக்கையில் எலக்ட்ரான்களை இழந்திருக்கும். வெற்றிடத்தில் அவை ஆளுக்கொரு பாதையில் சிதறிவிடும். வாயுவுக்குள் போகும்போது எலக்ட்ரான்களைப் பெறுவதும் இழப்பதுமாக இருந்து, எல்லாமே ஒரு சராசரி மின்னூட்டத்துக்கு வந்து, ஏறக்குறைய ஒரே பாதையில் வளையும். இந்தப் பயணம் முழுவதும் ஓரிரு மைக்ரோநொடியில் முடிந்துவிடும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

பிரிப்பானின் முடிவில் சிலிக்கான் உணரி இருக்கிறது. வந்த அணுக்கரு அதன் பரப்பிலிருந்து சில மைக்ரோமீட்டர் ஆழத்தில் புதைந்து நின்றுவிடும். முன்பக்கம் நெடுக்காகவும் பின்பக்கம் குறுக்காகவும் கோடுகள் போட்ட உணரி என்பதால், எந்தக் கட்டத்தில் புதைந்தது என்று தெரிந்துவிடும். ஜி.எஸ்.ஐ.யின் 'டாஸ்கா' அமைப்பில் 144-க்கு 48, ஆக 6912 கட்டங்கள். புதைந்த அணுக்கரு பிறகு ஆல்பாத் துகளை வெளியேற்றினால் அதே கட்டத்தில் இரண்டாவது குறிப்பு விழும். சேய் சிதைந்தால் மூன்றாவது. ஆழம் குறைவு என்பதால் ஆல்பாக்களில் கிட்டத்தட்டப் பாதி முன்பக்கமாக வெளியே தப்பிவிடும். அவற்றைப் பிடிக்கச் சுற்றிலும் பெட்டிபோல் வேறு உணரிகளை நிறுத்துவார்கள். உணரிக்கு முன்னால் ஒரு மெல்லிய கருவி, வந்தது வெளியிலிருந்து பறந்து வந்ததா, உள்ளேயே நிகழ்ந்த சிதைவா என்பதைப் பிரித்துச் சொல்லும். பின்னால் இன்னொன்று, ஊடுருவிப் போகும் இலகு துகள்களை விலக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து விழுந்த குறிப்புகள் உண்மையிலேயே ஒரே குடும்பமா, அல்லது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை தற்செயலாக அருகருகே விழுந்தனவா? ஒரு பேச்சுக்கு, உணரி முழுவதிலும் நொடிக்கு ஒரு தேவையற்ற ஆல்பாக் குறிப்பு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 6912 கட்டங்கள் இருப்பதால் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான் விழும். ஆகவே புதைந்த ஐந்து மில்லிநொடிக்குள் அதே கட்டத்தில் ஆல்பா ஒன்று வந்தால், அது தற்செயலாக இருக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் சேய் சிதைய பத்து மணி நேரம் ஆகும் என்றால்? அதற்குள் ஐந்து தேவையற்ற குறிப்புகள் அதே கட்டத்தில் விழுந்துவிடும். எது நம்முடையது என்று யார் சொல்வது? இதற்குத் துப்னாவில் ஒரு வழி செய்தார்கள். எதிர்பார்த்த ஆற்றலில் ஓர் அணுக்கரு புதைந்து, எதிர்பார்த்த நேரத்துக்குள் அதே இடத்தில் ஆல்பாவும் வந்துவிட்டால், கணினி உடனே கற்றையை நிறுத்திவிடும். தேவையற்ற குறிப்புகளில் பெரும்பகுதி கற்றையால் வருபவை. கற்றை நின்றதும் உணரி கிட்டத்தட்ட மௌனமாகிவிடும். அந்த மௌனத்தில் சேயும் பேர்த்தியும் சிதைவதைத் தெளிவாகக் கேட்கலாம்.

1982 ஆகஸ்ட் 29 அன்று ஜி.எஸ்.ஐ.யில் 109-ஆம் தனிமத்தை ஒரே ஓர் அணுவை வைத்து அடையாளம் கண்டார்கள். பீட்டர் ஆம்புருஸ்டர், காட்ஃபிரீட் மூன்சன்பெர்க் குழுவினர் பிஸ்மத்தின் மேல் இரும்பு-58-ஐ மோதியபோது கிடைத்தது அது. புதைந்த ஐந்தாவது மில்லிநொடியில் 11.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்பா, பிறகு 22 மில்லிநொடியில் தப்பித்துப்போன ஓர் ஆல்பாவின் அரைகுறைக் குறிப்பு, 12.9 நொடியில் பிளவு. இந்த மூன்று குறிப்புகளே மெய்ட்னீரியத்தின் பிறப்புச் சான்று. அப்போது ஐயப்பட்டவர்கள் இருந்தார்கள். பின்னர் அதிக எண்ணிக்கையில் கிடைத்தபோது முதல் கணிப்பு சரியென்று நிலைபெற்றது.

ஜப்பானில் நடந்ததை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். கோசுகே மொரிதாவும் அவர் குழுவினரும் பிஸ்மத்-209 இலக்கின் மேல் துத்தநாகம்-70 கற்றையைப் பாய்ச்சி 113-ஆம் தனிமத்தைத் தேடினார்கள். 2003 செப்டம்பரில் தொடங்கினார்கள். 2004 ஜூலை 23 அன்று ஒன்று. 2005 ஏப்ரல் 2 அன்று இன்னொன்று. இரண்டிலும் நான்கு ஆல்பாக்கள் வரிசையாக வந்து, ஐந்தாவதாக டூப்னியம்-262 பிளந்து முடிந்தது. சங்கிலி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன் கீழ்க்கணுவான போரியம்-266-ஐப் பற்றி அதற்கு முன் உலகத்தில் இருந்த தகவல் மிக மிகச் சொற்பம். கடைசியில் வந்த பிளவும் அடையாளம் சொல்லாது. ஆல்பாவுக்கு ஒவ்வொரு அணுக்கருவுக்கும் உரிய ஆற்றல் உண்டு, பிளவில் அப்படிக் கூர்மையான முத்திரை கிடையாது. புதிய தனிமக் கண்டுபிடிப்புகளை மதிப்பிடும் சர்வதேசக் குழு அதை ஏற்கவில்லை.

மொரிதா குழுவினர் இரண்டு காரியம் செய்தார்கள். முதலாவது, கீழ்க்கணுவைத் தனியாக உண்டாக்கினார்கள். கியூரியத்தின் மேல் சோடியத்தை மோதி நேரடியாகப் போரியம்-266-ஐப் பெற்று, அது எப்படிச் சிதைகிறது என்பதைத் தனி ஆய்வாகவே பதிந்தார்கள். யாரும் கைதட்டாத வேலை அது. புதிய தனிமம் இல்லை, பெயர் சூட்டல் இல்லை. ஆனால் அந்த வேலை இல்லாமல் மேலே இருப்பது எதுவும் நிற்காது. இரண்டாவது, காத்திருந்தார்கள். 2005-க்குப் பிறகு ஏழு ஆண்டு ஒன்றும் வரவில்லை. 2012 ஆகஸ்ட் 12 அன்று மூன்றாவது சங்கிலி வந்தது. இந்த முறை டூப்னியம்-262 பிளக்கவில்லை. சுமார் இரண்டு நிமிடம் இருந்து ஆல்பா வெளியேற்றி லாரன்சியம்-258 ஆனது. அதுவும் நான்கு நொடிக்குள் ஆல்பா வெளியேற்றி மெண்டலீவியம்-254 ஆனது. இரண்டும் நன்கு அறிமுகமான அணுக்கருக்கள். ஆறு ஆல்பாக்களின் சங்கிலி தெரிந்த தரையில் வந்து ஊன்றிவிட்டது. ஒன்பது ஆண்டுக் காலத்தில் 553 நாள் கற்றை, பதின்மூன்றரை லட்சம் கோடிக் கோடி துத்தநாக அயனிகள், மூன்று அணுக்கள். 2015 டிசம்பர் 30 அன்று கண்டுபிடிப்புரிமை அவர்களுக்குக் கிடைத்தது; தனிமத்துக்கு நிகோனியம் என்று பெயர். மூன்றாவது சங்கிலி வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், முதல் இரண்டும் உண்மையாகவே இருந்தும், உலகம் நம்பியிருக்காது. நம்பாமல் இருந்ததும் சரிதான்.

துப்னாவில் யூரி ஒகனேசியன் குழுவினருக்கு வேறு விதமான சிக்கல். புளூட்டோனியம், அமெரிசியம், கியூரியம், பெர்க்கீலியம், கலிஃபோர்னியம் இலக்குகளின் மேல் கால்சியம்-48-ஐ மோதி, 1998-க்குப் பிறகு 114 முதல் 118 வரை வரிசையாகத் தனிமங்களைக் கண்டார்கள். நியூட்ரான் மிகுந்த அணுக்கருக்கள் இவை. கொஞ்சம் நீண்ட ஆயுள். ஆனால் சங்கிலிகளின் அடி எல்லாம் அதுவரை யாரும் அறியாத அணுக்கருக்களில், பிளவில் முடிந்தன. தரை தொடாமல் அந்தரத்தில் தொங்கிய சங்கிலிகள். பல ஆண்டு விவாதம் நடந்ததற்கு இதுதான் காரணம். விவாதித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தரை இல்லாத இடத்தில் பக்கவாட்டுச் சான்றுகளைக் கொண்டு கட்ட வேண்டியிருந்தது. 114-ஆன ஃபிளரோவியத்தின் ஒரே அணுக்கருவைப் புளூட்டோனியம் இலக்கில் நேராகவும், கியூரியம் இலக்கில் உண்டான, 116-ஆன லிவர்மோரியத்தின் சேயாகவும் பெற்று, இரண்டும் ஒரே மாதிரி சிதைவதைக் காட்டினார்கள். 115-இன் சங்கிலி முடியும் டூப்னியம்-268 பல மணி நேரம் நிலைப்பது என்பதால், 2004-இல் அதை வேதிமுறையில் பிரித்து, ஐந்தாம் தொகுதித் தனிமம் போலவே நடந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். 2012-இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு ஜி.எஸ்.ஐ.யில் 115-இன் 30 சங்கிலிகளைப் பதிந்தது. ஆல்பாவோடு சேர்ந்து வரும் காமாக் கதிரையும் எக்ஸ் கதிரையும் ஜெர்மேனியம் உணரிகளால் பிடித்து, அணு எண்ணை நேராகவே படிக்க முயன்றார்கள். கடைசியாக 2018-இல் பெர்க்லியின் 'ஃபியோனா' கருவி, 115-ஆன மாஸ்கோவியத்தின் நிறை எண் 288, அதன் சேய் நிகோனியத்தினுடையது 284 என்று நேரடியாக அளந்தது. சிதைவின் வழியாக ஊகித்ததை எடைபோட்டுச் சரிபார்த்தது போன்ற இடம் அது.

117-ஆம் தனிமத்தின் கதையில் நம் நாட்டவருக்கும் பங்கு உண்டு. அதற்கு இலக்கு பெர்க்கீலியம்-249. அரை ஆயுள் ஒரு வருடத்துக்கும் குறைவு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் உலையில் 22 மில்லிகிராம் தயாரித்து ரஷ்யாவுக்கு அனுப்பியபோது, சுங்க ஆவணங்கள் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, அந்தப் பொட்டலம் அட்லாண்டிக் கடலை ஐந்து முறை கடந்தது. ஒவ்வொரு நாளும் இலக்கு தேய்ந்துகொண்டிருந்தது. 2009-10-இல் ஆறு சங்கிலிகள் கிடைத்தன. அதை வேறிடத்தில் உறுதிசெய்யும் சோதனை டாஸ்காவில் நடந்து 2014-இல் வெளியானது. அந்த ஆய்வுக் குழுவில் கொல்கத்தா சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தையும் ரூர்க்கி ஐ.ஐ.டி.யையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இருந்தார்கள். அங்கே கிடைத்த இரண்டு சங்கிலிகளின் அடியில் லாரன்சியம்-266 என்ற புதிய ஐசோடோப்பு இருந்தது. அதன் அரை ஆயுள் சுமார் 11 மணி நேரம். கட்டத்துக்கு இத்தனை மணிக்கு ஒன்று என்று சற்றுமுன் நாம் போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். பதினொரு மணி நேர இடைவெளியில் வந்த ஒரு குறிப்பை அதே குடும்பத்தது என்று சொல்ல, உணரி எவ்வளவு அமைதியாக இருந்திருக்க வேண்டும்!

கசப்பான ஒன்றையும் மறைக்கக் கூடாது. 1999-இல் பெர்க்லியிலிருந்து, கிரிப்டானை ஈயத்தின் மேல் மோதி 118-ஐக் கண்டதாக அறிவிப்பு வந்தது. மூன்று சங்கிலிகள், ஒழுங்கான ஆற்றல்கள், ஒழுங்கான நேரங்கள். மற்ற ஆய்வகங்கள் முயன்றன, கிடைக்கவில்லை. பெர்க்லியே திரும்பச் செய்தது, கிடைக்கவில்லை. மூலத் தரவுப் பதிவுகளை எடுத்துப் புதிதாக ஆராய்ந்தபோது அந்த நிகழ்வுகள் அவற்றில் இல்லவே இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். குழுவில் ஒருவர் தரவைப் புனைந்தார் என்று விசாரணை முடிவு செய்தது. அதைத் தொடர்ந்து ஜி.எஸ்.ஐ.யும் தன் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, 110, 112 தனிமங்களில் முன்பு அறிவித்த சங்கிலிகளில் ஒவ்வொன்றை விலக்கியது. மீதிச் சங்கிலிகள் நின்றன, தனிமங்களும் நின்றன. அணு போய்விடும், இலக்கும் தேய்ந்துவிடும், மிச்சமிருப்பது பதிவு மட்டும். அதை ஒருவர் மட்டும் பார்க்கும் நிலை இருக்கவே கூடாது என்று இந்தத் துறை பெரிய விலை கொடுத்துக் கற்றது.

தேனி மாவட்டத்தில் நின்றுகொண்டு அரிய நிகழ்வுகளை எண்ணுவதைப் பற்றிப் பேசும்போது பொட்டிப்புரத்தைச் சொல்லாமல் போக முடியாது. அம்பரப்பர் மலைக்கு அடியில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 50,000 டன் காந்த இரும்பாலான உணரி, எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை. பாறை எதற்கு என்றால், வானிலிருந்து பொழியும் மியூவான்களைத் தடுக்க. மீகன ஆய்வகங்கள் தரைக்கு மேலேயே இருக்கின்றன. அவற்றின் இரைச்சல் கற்றையிலிருந்து வருவது, பிரிப்பானும் நேரக் கணக்கும் போதும். நியூட்ரினோவுக்கோ, பல ஆண்டுக்கு ஒரு முறை நிகழும் சிதைவுக்கோ அது போதாது. கோலார் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டதும், 1980-களில் புரோட்டான் சிதைகிறதா என்று காத்திருந்ததும் அதனால்தான். பொட்டிப்புரத்திலும் வெள்ளீயம்-124 என்ற ஐசோடோப்பின் அரிய இரட்டை பீட்டாச் சிதைவைத் தேடும் 'டின்டின்' என்ற சோதனையைத் திட்டமிட்டிருந்தார்கள். மிகக் குளிர்ந்த படிகத்தில் சிதைவின் வெப்பத்தை அளக்கும் முறை அது. இதே வகை முறையில்தான் 2003-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், நிலையானது என்று எல்லோரும் நம்பியிருந்த பிஸ்மத்-209-உம் ஆல்பா வெளியேற்றுகிறது என்று கண்டார்கள். அதன் அரை ஆயுள் பிரபஞ்சத்தின் வயதைப் போல நூறு கோடி மடங்குக்கும் மேல். மொரிதாவின் இலக்கும் அதே பிஸ்மத்-209 என்பதை எண்ணிப் பாருங்கள்.

பொட்டிப்புரம் மக்கள் கேட்ட கேள்விகள் வேறு: வெடி வைத்தால் மலை என்னாகும், தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள், காட்டுக்கு என்ன ஆகும். 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்து மனு தந்தது. அந்த உணரி கதிர்வீச்சை உண்டாக்குவது இல்லை, வருவதைப் பதிவது மட்டுமே என்று இயற்பியல்காரனாக நான் சொல்ல முடியும், சொல்கிறேன். ஆனால் மூன்று சங்கிலிகளுக்கு மூலத் தரவைக் காட்டு என்று நாங்கள் எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம். அதே உரிமையோடு பாறைக்கும் ஊற்றுக்கும் மூலத் தரவைக் காட்டு என்று ஊர்க்காரர் கேட்டால், அதைத் தமிழில், ஊர் மந்தையில் வைத்துக் காட்டியிருக்க வேண்டியது எங்கள் கடமை. அதைப் போதுமான அளவு செய்யவில்லை என்பதே என் எண்ணம்.

இந்தியாவில் மீகனத் தனிமத்தை உண்டாக்கும் அளவுக்குக் கற்றை வலிமை இப்போது இல்லை. ஆனால் அந்த ஒட்டுதல் ஏன் இவ்வளவு அரிதாகிறது என்ற கேள்வியில் நம்மவர்கள் நன்றாக உழைக்கிறார்கள். புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையத்தில் 15 மெகாவோல்ட் பெல்லட்ரான் முடுக்கி, வாயு நிரப்பிய 'ஹைரா' பிரிப்பான், 100 நியூட்ரான் உணரிகள் கொண்ட 'நாண்ட்' அமைப்பு எல்லாம் இருக்கின்றன. இரண்டு அணுக்கருக்கள் தொட்டு, முழுதாக ஒன்றாவதற்குள் பிரிந்து போவதைப் போலிப்பிளவு என்கிறோம். உடைவதற்கு முன் எத்தனை நியூட்ரான் வெளியேறியது என்று எண்ணினால், அவை எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தன என்று கணிக்கலாம். கோவை பாரதியார் பல்கலைக்கழகம், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஆல்பாச் சிதைவு, அதைவிடக் கனமான துண்டுகள் வெளியேறும் கொத்துச் சிதைவு ஆகியவற்றின் கோட்பாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. தில்லி மையம் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவானது. முன்வரிசையில் இருக்கும் மாணவியரே, ஆய்வுப் படிப்பில் சேர்ந்து முறைப்படி விண்ணப்பித்தால், நம் பல்கலைக்கழகங்களிலிருந்தே போய் அங்கே கற்றை நேரம் பெறலாம்.

இனி வரப்போவது இதுவரை வந்ததைவிடக் கடினமானது. 118-க்கு மேலே போகக் கால்சியம்-48 உதவாது. அதற்கு ஏற்ற இலக்கைப் போதிய அளவு தயாரிக்க முடியாது. ரிக்கனில் வனேடியத்தைக் கொண்டு 119-ஐத் தேடுகிறார்கள். பெர்க்லியில் டைட்டானியம்-50 கற்றையைச் சோதித்து, 22 நாளில் இரண்டு லிவர்மோரியம் அணுக்களைப் பெற்றதாக 2024 ஜூலையில் அறிவித்தார்கள். அதே கற்றையால் 120-ஐத் தேடுவது அவர்கள் நோக்கம். துப்னாவிலும் ஜி.எஸ்.ஐ.யிலும் 120-க்கான முன்னைய தேடல்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அரை ஆயுள் மைக்ரோநொடிக் கணக்கில் இருக்கலாம் என்கின்றன கணிப்புகள்.

நினைவில் வைக்கச் சொன்ன எண் இங்கேதான் வருகிறது. பிரிப்பானைக் கடக்க ஓரிரு மைக்ரோநொடி ஆகும். அதற்குள் சிதைந்துவிடுவது உணரிக்கு வந்தே சேராது. வந்து சேர்ந்தாலும், புதைந்த குறிப்பும் சிதைந்த குறிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே குறிப்பாகத் தெரியும். அதனால் இப்போது குறிப்பின் உயரத்தை மட்டும் எடுக்காமல், அதன் வடிவத்தையே நொடிக்குப் பத்துக் கோடி தடவை போல் அளந்து பதிகிறார்கள். ஏறிக்கொண்ட இரண்டையும் பிறகு பிரித்துவிடலாம்.

இந்த எல்லைக்கும் அப்பால் எட்டிப் பார்க்க ஒரு வழியை 2025-இல் ஜி.எஸ்.ஐ. குழுவினர் காட்டியிருக்கிறார்கள். ருதர்போர்டியம்-252-இன் அடிநிலை அரை ஆயுள் 60 நானோநொடி. பிரிப்பானைத் தாண்ட அதற்கு நேரமே கிடையாது. ஆனால் அதே அணுக்கருவுக்குக் கிளர்ந்த நிலை ஒன்று உண்டு. அதன் உட்துகள்களின் சுழற்சி அமைந்திருக்கும் விதத்தால் அந்த நிலை எளிதில் கீழிறங்க முடியாது; 13 மைக்ரோநொடி நீடிக்கிறது. அந்த நிலையில் உண்டானவை உயிரோடு உணரிக்கு வந்து புதைந்தன. அங்கே ஓர் எலக்ட்ரானை உதறிவிட்டு அடிநிலைக்கு இறங்கின. இறங்கிய நானோநொடிகளில் பிளந்தன. முதலில் எலக்ட்ரானின் சிறு குறிப்பு, அதை ஒட்டியே பிளவின் பெருங்குறிப்பு. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்துதான் 60 நானோநொடி என்ற எண் கிடைத்தது. இன்னும் கனமான அணுக்கருக்களிலும் இப்படிப்பட்ட நீண்ட ஆயுள் கிளர்நிலைகள் இருக்கக்கூடும். 120-ஐத் தேடுகிறவர்கள் ஆல்பாவோடு எலக்ட்ரானுக்கும் சேர்த்துத் தங்கள் உணரிகளை அமைக்க வேண்டியிருக்கும்.